நான்கு வாரம் தாண்டிய ஈர இருமல்: டெல்டாவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குழந்தை ஒரே குழந்தை அல்ல. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரத்தில் குழந்தைகள் நலம் பார்ப்பவர்களிடம் ஐப்பசியிலிருந்து மாசி வரை திரும்பத் திரும்ப வரும் 'நீடித்த பாக்டீரியா மூச்சுக்குழல் அழற்சி' என்ற நோயின் போக்கை, பயிற்சி மருத்துவர்களும் பெற்றோரும் பின்தொடர வசதியாக ஒரே குழந்தையின் வரலாறாகக் கோத்திருக்கிறோம். குழந்தையின் எடை, பரிசோதனை எண்கள் எல்லாம் இந்த வரலாற்றுக்குப் பொருந்த அமைத்தவை. மருந்தளவும், மேற்கோள் காட்டும் ஆய்வு முடிவுகளும் உள்ளது உள்ளபடி.

வந்த நிலை

பெண் குழந்தை. வயது 2 வருடம் 8 மாதம், எடை 12 கிலோ. ஐப்பசி மழையோடு அண்ணனுக்கு வந்த சளி இவளுக்கும் வந்தது. ஆறு வயது அண்ணனுக்குப் பத்து நாளில் விட்டுவிட்டது. இவளுக்கு விடவில்லை. தை கடைசியில் கொண்டுவந்தபோது பதின்மூன்று வாரம் ஆகியிருந்தது. காய்ச்சல் முதல் வாரத்தோடு சரி. சாப்பாடு குறையவில்லை, விளையாட்டும் குறையவில்லை. விடியற்காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் இருமுவாள். சில நாள் அந்த இருமலிலேயே சளியோடு வாந்தி.

அம்மா சொன்னதை அப்படியே குறித்து வைப்பது இந்த நோயில் மிக முக்கியம்: "மருந்து குடுத்தா அஞ்சாறு நாள்ல நல்லா கேக்குது டாக்டர். நிறுத்தி ஒரு வாரம் பத்து நாள்ல மறுபடி அதே கரகரப்பு." கூட வந்த அப்பாயி கேட்டது வேறு: "பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லீங்களா?"

நோய் என்ன என்பதற்கான பாதி விடை அம்மாவின் வாக்கியத்தில் இருக்கிறது. அப்பாயியின் கேள்விக்கு விடை, கீழே பார்ப்பதுபோல், அவர் நினைத்ததற்கு நேர் எதிர்.

அதுவரை கொடுத்தவை: அசித்ரோமைசின் மூன்று நாள், இரண்டு தடவை. ஆமாக்சிசிலின் ஐந்து நாள் ஒரு தடவை. ஆமாக்சிசிலின்–கிளாவுலானேட் ஒரு பாட்டில், அதுவும் ஐந்து நாள். இருமல் உண்மையாகவே குறைந்தது இதில்தான். சால்பியூட்டமால் சிரப். ஸ்பேசர் வைத்து பியூடசோனைடு இன்ஹேலர் எட்டு வாரம். இரவில் மாண்டிலூகாஸ்ட் சேர்ந்த சிரப். மூன்று விதமான இருமல் மருந்து. அவற்றில் ஒன்று குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்தது. இந்தக் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் தரக்கூடாது என்று 2023 டிசம்பரிலேயே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டிருக்கிறது. வீட்டில் கற்பூரவல்லிச் சாறு, தூதுவளை, நெஞ்சில் தைலம்.

'வீசிங்', 'தூசி அலர்ஜி', 'சளி உடம்பு' என்று மூன்று பெயர் அதற்குள் வைத்தாகிவிட்டது. ஊரில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்ததால் தூசி என்ற விளக்கம் எல்லாருக்கும் பொருத்தமாகத் தோன்றியது. ஆனால் இருமல் ஆரம்பித்தது ஐப்பசி அடைமழையில். அப்போது பயிர் பச்சையாக நின்றது; வயலில் தூசியே கிடையாது. நோயை நாள்காட்டியோடு மட்டுமல்லாமல் வயலோடும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஊரில் பல விஷயம் தெளியும்.

காதும் கையும்

ஈர இருமலா, வறட்டு இருமலா என்பதுதான் முதல் முடிச்சு. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை சளியைத் துப்பாது, விழுங்கிவிடும். அதனால் 'சளி வருதா?' என்று கேட்டால் 'வரல' என்றே பதில் வரும். கேட்க வேண்டியது, 'இருமும்போது உள்ளே ஏதோ புரளுற மாதிரி சத்தம் கேக்குதா?' என்று. அதைவிட நல்லது, விடியற்காலை இருமலை ஃபோனில் ஒரு நிமிடம் பதிவு செய்துவரச் சொல்வது. பகல் பதினொரு மணிக்குப் புறநோயாளர் பிரிவில் அந்த இருமல் வராது.

இந்தக் குழந்தையை அம்மாவின் மடியில் உட்காரவைத்து, சட்டையைத் தூக்கி, இரண்டு உள்ளங்கையையும் முதுகில் தோள்பட்டைக்குக் கீழே பட்டும் படாமலும் வைத்தோம். மடியில் தூங்கும் பூனையின் முதுகில் கை வைத்தால் எப்படி அதிருமோ அப்படி இடது பக்கம் கூடுதலாக அதிர்ந்தது. ஒரு முறை இருமினாள். அதிர்வு நின்று, நான்கைந்து மூச்சில் மறுபடி தொடங்கியது. பெரிய மூச்சுக்குழல்களில் சளி கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சுலபமான சான்று இல்லை. ஸ்டெதாஸ்கோப்பில் இடம் மாறும் கரகரப்பு. மூச்சு விடும்போது நீளும் விசில் சத்தம் இல்லை. வீட்டில் 'வீசிங்' என்று சொன்னது இந்தக் கரகரப்பைத்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால்தான் எத்தனையோ பிள்ளைகள் மாதக்கணக்கில் இன்ஹேலரில் இருக்கிறார்கள்.

வேறு நோயைக் காட்டும் அடையாளங்களைத் தேடினோம். நகக்கண் உருண்டு தடித்திருக்கவில்லை. நெஞ்சுக்கூடு கோணவில்லை. எடை வளர்ச்சி அட்டையில் கோடு சரியவில்லை. பிறந்ததிலிருந்தே இருமலா? இல்லை. பால் குடிக்கும்போது புரையேறுமா? இல்லை. திடீரென மூச்சுத் திணறி அதிலிருந்து இருமல் தொடங்கியதா? இல்லை, இதைத் தனியாக அழுத்திக் கேட்க வேண்டும், வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழக் கொட்டை ஒரு பக்கக் குழலில் வாரக்கணக்கில் கிடக்கும். சளியில் ரத்தம் இல்லை. மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் 98%. வலது செவிப்பறை மங்கலாக, உள்ளே நீர் கட்டியதுபோல் இருந்தது. இந்த நோயைத் தரும் கிருமிதான் நடுக்காதிலும் குடியிருக்கும் என்பதால் அது வியப்பில்லை.

ஹீமோகுளோபின் 10.4, வெள்ளை அணு 9,800, ஈசினோஃபில் 3%, சிஆர்பி என்ற அழற்சி அளவு இயல்பு. எக்ஸ்ரேயில் குழல்களைச் சுற்றிச் சற்றே தடிப்பு, வேறொன்றுமில்லை. ரத்தத்திலும் படத்திலும் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. இந்தக் கிருமி குழலின் உள்சுவரோடு நின்றுவிடுகிறது. ரத்தத்துக்கு அதன் செய்தி பெரும்பாலும் போவதில்லை.

காசநோய்க் கேள்வி

நம் ஊரில் இதைத் தாண்டாமல் நீண்ட இருமலைப் பற்றி எழுத முடியாது. வீட்டில், பக்கத்து வீட்டில், பால்வாடியில் காசநோய்க்கு மருந்து எடுப்பவர் உண்டா என்று கேட்டோம், இல்லை. மாண்டூ ஊசி 2 அலகு போட்டு 72 மணி நேரத்தில் அளந்தபோது தடிப்பு 4 மி.மீ.; 10 மி.மீ. எட்டினால்தான் அதைப் பொருட்படுத்துவோம். எக்ஸ்ரேயில் நெறிக்கட்டு இல்லை, எடை குறையவில்லை, மாலைக் காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் இஎஸ்ஆர் என்ற அளவு கூடியிருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து, 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' (குழந்தைக் காசநோய்) என்ற பெயரில் ஆறு மாத மாத்திரை தொடங்குவது இன்னும் நடக்கிறது. அதற்கு ஆதாரம் போதாது. சந்தேகம் வலுவாக இருந்தால் வெறும் வயிற்றில் விடியற்காலை இரைப்பை நீர் எடுத்து, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் வழி.

இதிலிருந்து ஒரு மருந்துக் கட்டுப்பாடும் வருகிறது. காசநோய் இல்லை என்று உறுதியாகும்வரை ஆஃப்லாக்சசின், லீவோஃப்லாக்சசின், லினசோலிட் கொடுக்கக் கூடாது. இவை காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கி, நோயை மறைத்து, பிற்பாடு மருந்தை எதிர்க்கும் திறனையும் கிருமிக்கு வளர்த்துவிடும். ஆமாக்சிசிலின்–கிளாவுலானேட்டில் நடைமுறையில் அந்தக் கவலை இல்லை.

பெயரும் கணக்கும்

நோயின் பெயர் நீடித்த பாக்டீரியா மூச்சுக்குழல் அழற்சி. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஆன் சாங், ஜூலி மார்ச்சன்ட் குழுவினர் 2006-ல் நாள்பட்ட இருமலோடு வந்த 108 சிறு குழந்தைகளை ஒழுங்காக ஆராய்ந்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு இதுவே காரணம் என்று கண்டார்கள். ஐரோப்பிய சுவாசவியல் சங்கம் 2017-ல் இதற்கு வரையறை வகுத்தது: நான்கு வாரத்துக்கு மேல் ஈர இருமல், வேறு நோயைக் காட்டும் அடையாளம் இல்லாமை, தகுந்த ஆன்டிபயாட்டிக்கை இரண்டு முதல் நான்கு வாரம் கொடுத்ததும் இருமல் அடங்குதல். நான்கு வாரம் என்ற எல்லைக்குக் காரணம் உண்டு. சாதாரணச் சளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு 25 நாளுக்குள் இருமல் நின்றுவிடும்.

முதல் முறை பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது) தேவையில்லை. சிகிச்சையே சோதனை. ஆனால் அந்தச் சோதனை செல்ல வேண்டுமானால் மருந்து சரியான மருந்தாகவும், அளவு சரியாகவும், நாள் குறையாமலும் இருக்க வேண்டும். இந்தக் குழந்தையிடம் அதுவரை தவறியது இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான், ஒவ்வொரு தடவையும்.

மருந்து: காரணமான கிருமிகள் மூன்று. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சேவின் உறையில்லா வகை முதலிடம்; நிமோகாக்கஸ், மொராக்செல்லா கட்டாராலிஸ் அடுத்து. மொராக்செல்லா ஏறக்குறைய எப்போதும், ஹீமோஃபிலஸ் கணிசமான அளவு, பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து வெறும் ஆமாக்சிசிலினை அறுத்துவிடும். கிளாவுலானேட் அந்த நொதியைப் பிடித்துக்கொள்வதால்தான் கூட்டு மருந்து. பென்டாவேலன்ட் தடுப்பூசி போட்டிருக்கிறோமே என்று பெற்றோர் கேட்பார்கள். அதில் உள்ளது உறையுள்ள பி வகைக்கான காப்பு. உறையில்லா வகைக்கு அது எட்டாது.

அளவு: ஆமாக்சிசிலின் கணக்கில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 45 மி.கி., இரண்டாகப் பிரித்து. 12 கிலோவுக்கு 540 மி.கி., அதாவது வேளைக்கு 270. '457' என்று எழுதிய சிரப்பில் 5 மி.லி.யில் ஆமாக்சிசிலின் 400 மி.கி. இருக்கிறது, வேளைக்கு 3.4 மி.லி. '228.5' என்று எழுதியதில் 200 மி.கி.தான், அதில் 6.8 மி.லி. கடையில் ஒன்று இல்லையென்று மற்றதை எடுத்துக்கொடுத்து, வீட்டில் பழைய 3.4 மி.லி.யையே ஊற்றினால் பிள்ளைக்குப் போவது பாதி மருந்து. சீட்டில் மி.லி.யோடு பாட்டில் எண்ணையும் எழுதுங்கள்.

நாள்: பதினான்கு. இங்கேதான் பெரும்பாலான சிகிச்சை உடைகிறது. பாட்டில் 30 மி.லி. ஒரு நாளைக்கு 6.8 மி.லி. போனால் ஐந்தாம் நாள் காலியாகிவிடும். அதற்குள் இருமலும் பாதி குறைந்திருக்கும். பாட்டில் தீர்ந்தது, இருமலும் கேட்டது என்று நிறுத்துவது வீட்டாரின் அலட்சியம் அல்ல; சீட்டில் 'ஒரு பாட்டில்' என்று எழுதியதன் விளைவு. பதினான்கு நாளுக்கு 95 மி.லி., நான்கு பாட்டில் வேண்டும். நான்கையும் தூளாகவே வாங்கி வைத்து, ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைக் கலக்க வேண்டும். கலக்கிய மருந்துக்குக் குளிர்பெட்டியில் ஏழு நாள்தான் ஆயுள். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குப் பாதிவரை ஊற்றிக் குலுக்கி, தூள் முழுதும் நனைந்த பிறகு மீதியை ஊற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் அடியில் கட்டி தங்கி, கடைசி நாள் மருந்து மட்டும் கெட்டியாக வரும். மூடியில் அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சில் அளப்பது நல்லது. குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்கு, நீரில் கரையும் 228.5 மாத்திரை ஒன்றரை, இரண்டு வேளை. வெயில் காலத்தில் இதுவே பாதுகாப்பு.

சாப்பாட்டின் தொடக்கத்தில் கொடுத்தால் வயிற்றுப்போக்கு குறையும். நாளைக்கு மூன்று நான்கு தடவை இளகிப்போனால் ஓஆர்எஸ் கொடுத்து மருந்தைத் தொடரலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மருந்து நின்றுபோகும்.

இன்ஹேலர், மாண்டிலூகாஸ்ட், இருமல் சிரப் எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஒரே நேரத்தில் ஐந்து மருந்து ஓடினால் எது கேட்டது என்று யாருக்கும் தெரியாது. காலண்டர் தாளில் தினமும் ஒரு எண் எழுதச் சொன்னோம்: இருமலே இல்லை 0, காலையில் மட்டும் 1, அவ்வப்போது 2, நாள் முழுக்க 3.

முதல் ஐந்து நாள் 3, 3, 3, 2, 2. ஒன்பதாம் நாள் 1. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு மூன்று நாளும் 0. முதுகில் கை வைத்தால் அதிர்வு இல்லை. இந்த மருந்தைப் போலி மருந்தோடு ஒப்பிட்ட 2012-ஆம் ஆண்டு பிரிஸ்பேன் ஆய்வில், இரண்டு வார முடிவில் இருமல் நின்றது மருந்து எடுத்தவர்களில் 48%, போலி மருந்தில் 16%. பாதிப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் போதவில்லை என்பதையும் இந்த எண் சொல்கிறது. அவர்களுக்கு மேலும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

குழலுக்குள் நடப்பது

நுரையீரல் கிருமியே இல்லாத இடம் என்றுதான் நெடுங்காலம் பாடம் நடந்தது. கிருமிகளின் 16எஸ் மரபணுவைப் படிக்கும் முறை வந்த பிறகு அது மாறியது. ஆரோக்கியமான பிள்ளையின் கீழ்க்குழலிலும் வாயிலிருந்து எச்சிலோடு இறங்கும் ப்ரிவோட்டெல்லா, வெய்லோனெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். எதுவும் குடியேறுவதில்லை. சீலியா என்ற நுண்மயிர்கள் சளிப் படலத்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

மூக்கில் கணக்கு வேறு. கோரினிபாக்டீரியம், டோலோசிகிரானுலம் நிறைந்த மூக்கு நிதானமானது. மொராக்செல்லா, ஹீமோஃபிலஸ், நிமோகாக்கஸ் ஓங்கிய மூக்கில் சளித்தொல்லை கூடுகிறது. வீட்டில் பள்ளிக்குப் போகும் அண்ணன் இருந்தால் இந்த மூன்றும் சீக்கிரமே தங்கைக்கு வந்துவிடும். பிறகு ஒரு வைரஸ், இந்த நோயில் குறிப்பாக அடினோவைரஸ் அடிக்கடி அகப்படுகிறது, நுண்மயிர்களைச் சேதப்படுத்துகிறது. தள்ளும் வேலை நிற்கிறது. மூக்கில் இருந்த ஹீமோஃபிலஸ் கீழிறங்கிச் சளிக்குள் பிசின்போல் ஒரு படலம் கட்டி உட்கார்ந்துகொள்கிறது. பல கிருமிகள் சிறிது சிறிதாக இருந்த இடத்தில் ஒன்றே பெருகி நிற்கிறது.

இனி அப்பாயியின் கேள்விக்கு வருவோம். ஹீமோஃபிலஸின் மேல்தோலில் உள்ள கொழுப்பு-சர்க்கரைச் சேர்மத்தைக் குழல்சுவரில் இருக்கும் டிஎல்ஆர்-4 என்ற உணர்வி உணர்கிறது. அதன் புரதங்களை டிஎல்ஆர்-2 உணர்கிறது. உடனே இன்டர்லூக்கின்-8, இன்டர்லூக்கின்-1பீட்டா என்ற செய்திப் புரதங்கள் சுரந்து ரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களைக் கூப்பிடுகின்றன. அவை வருகின்றன, கூட்டம் கூட்டமாக. ஆரோக்கியமான பிள்ளையின் குழல் கழுவுநீரில் (குழலுக்குள் உப்புநீர் விட்டு உறிஞ்சி எடுப்பது) நூறு செல்லுக்கு ஓரிரண்டு நியூட்ரோபில் இருக்கும். இந்த நோயில் நாற்பது, ஐம்பது. படலத்துக்குள் ஒளிந்த கிருமியை அவற்றால் எட்ட முடிவதில்லை. ஆனால் அவை கொட்டும் எலாஸ்டேஸ், எம்எம்பி-9 நொதிகள் குழல்சுவரையே அரிக்கின்றன, சளியை இன்னும் சுரக்க வைக்கின்றன, நியூட்ரோபில்லின் மேல் இருக்கும் பிடிப்புக் கொக்கிகளைக்கூட வெட்டிவிடுகின்றன. இறந்த நியூட்ரோபில்லிலிருந்து சிதறும் டிஎன்ஏ சளியைப் பசையாக்குகிறது. இறந்தவற்றை விழுங்கி அப்புறப்படுத்த வேண்டிய மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு அணுவின் திறன் இந்தக் குழந்தைகளில் குறைந்திருப்பதும் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. கிருமி, அழற்சி, சேதம், மறுபடி கிருமி என்று சுழலும் இந்த வட்டத்தைப் பீட்டர் கோல் 1980-களில் மூச்சுக்குழல் விரிவு நோய்க்காக (குழல் அகன்று சளி தேங்கும் நோய்) விவரித்தார். பிள்ளைகளிடம் அந்த வட்டத்தின் முதல் சுற்றை இந்த இருமலில் பார்க்கிறோம்.

ஆக, எதிர்ப்பு இல்லாததால் வந்த நோய் அல்ல. எதிர்ப்பு மிதமிஞ்சி, தவறான இடத்தில், வேலை முடியாமல் நிற்கிறது. இவர்களில் பெரும்பாலானோருக்கு ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற எதிரணு அளவுகள் இயல்பு. தடுப்பூசிக்கு எதிரணு நன்றாகவே உருவாகியிருக்கும். குறை இருப்பது நுணுக்கமான இடத்தில்: இந்தக் கிருமியைக் காட்டினால் இரத்த அணுக்கள் சுரக்க வேண்டிய இன்டர்ஃபெரான்-காமா என்ற எதிர்ப்புப் புரதம், நாள்பட்டு விரிவு நோயான பிள்ளைகளிடம் குறைவாக இருக்கிறது. கிருமியும் சும்மா இல்லை. ஐஜிஏ-வை வெட்டும் நொதி வைத்திருக்கிறது, மேல்தோல் புரதங்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு வகைக்கு உருவான எதிரணு அடுத்த வகைக்குச் செல்லாது. கடையில் விற்கும் 'இம்யூனிட்டி' டானிக் எதுவும் இந்த இடத்தைத் தொடுவதில்லை. அந்தப் பணத்துக்கு மீதி மூன்று பாட்டில் மருந்து வாங்கலாம்.

திரும்பி வந்தது

பங்குனி முடிவில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை. இரண்டுக்கும் பதினான்கு நாள் மருந்து கேட்டது. ஐப்பசியில் மூன்றாவது முறை திரும்பியபோது பதினான்கு நாளில் எண் 3-லிருந்து 2-க்கு இறங்கியதோடு நின்றது. இருபத்தெட்டு நாள் கொடுத்தும் 1-க்குக் கீழே போகவில்லை.

இதுதான் நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம். முதல் தடவையையும் சேர்த்து ஒரு வருடத்துக்குள் நான்கு. நான்கு வார மருந்துக்கும் அடங்காமை. இந்த இரண்டாவது அடையாளம் இருந்த குழந்தைகளை 2014-ல் பிரிஸ்பேனில் சிடி எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 84 பேரிடம் மூச்சுக்குழல் விரிவு இருந்தது. இந்த அழற்சி நோய் கண்ட எல்லாக் குழந்தைகளையும் இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தபோது விரிவு கண்டது நூற்றுக்கு எட்டு பேருக்குத்தான். அடிக்கடி திரும்புவதும், கழுவுநீரில் ஹீமோஃபிலஸ் இருப்பதும் அந்த எட்டைக் காட்டிக்கொடுத்தன. ஐந்தாவது தடவையாக அதே சிரப்பை எழுதுவது இந்த இடத்தில் தவறு.

சிடி ஸ்கேன் குறிப்பு 'இயல்பு' என்றுதான் முதலில் வந்தது. குழலின் உள்விட்டத்தைப் பக்கத்து ரத்தக்குழாயின் விட்டத்தால் வகுத்தால் வரும் விகிதம் பெரியவர்களுக்கு 1-ஐத் தாண்டினால்தான் விரிவு என்பார்கள். குழந்தைகளுக்கு எல்லை 0.8. இடது கீழ் மடலில் இவளுக்கு 0.9. படம் படிப்பவருக்கு வயதையும் கேள்வியையும் சீட்டில் எழுதி அனுப்பியிருந்தால் இது முதலிலேயே வந்திருக்கும்.

பிராங்கோஸ்கோபியில் இடது பிரதான மூச்சுக்குழல் மூச்சு விடும்போது பாதிக்கு மேல் அமுங்கியது, குருத்தெலும்பு மென்மை. இது இந்தப் பிள்ளைகளிடம் மிகவும் சாதாரணம். அமுங்கும் குழலுக்கு அப்பால் சளி தேங்கத்தானே செய்யும். முதல் நாள் இடது பக்கம் கூடுதலாக அதிர்ந்ததன் காரணம் இதுவே. இத்தகைய பிள்ளைக்குச் சால்பியூட்டமால் கொடுத்தால் குழல்சுவரின் தசை தளர்ந்து இன்னும் அமுங்கக்கூடும்.

கிலோவுக்கு 1 மி.லி. உப்புநீர் வீதம் மூன்று தடவை விட்டு உறிஞ்சினோம். முதலாவது கல்ச்சருக்கு, மற்றவை செல் எண்ணிக்கைக்கும் சிபிநாட்டுக்கும். ஆய்வகத்தில் தவறுவது எங்கே என்று சொல்ல வேண்டும். ஹீமோஃபிலஸ் சாதாரண ரத்த அகாரில் (கிருமி வளர்க்கும் ஊட்டத் தட்டு) வளராது. எக்ஸ், வி என்ற இரண்டு வளர்ச்சிக் காரணிகளும் கிடைக்கும் சாக்லேட் அகாரும், 5 முதல் 10% கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் விதைத்தால் கிருமி செத்திருக்கும், 'வளர்ச்சி இல்லை' என்று தாள் வரும். அதனால் முன்கூட்டியே ஆய்வகத்துக்குச் சொல்லி, ஒரு மணி நேரத்துக்குள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். எவ்வளவு வளர்ந்தது என்று எண்ணியும் சொல்லச் சொன்னோம், மி.லி.க்கு 10,000-க்கு மேல் இருந்தால்தான் அது குழலில் குடியேறிய கிருமி. தொண்டைத் துடைப்பு இதற்கு மாற்றாகாது, மேலே இருப்பது கீழேயும் இருக்கிறது என்று அது சொல்வதில்லை.

முடிவு: உறையில்லா ஹீமோஃபிலஸ் மி.லி.க்கு 2 லட்சம், பீட்டா-லாக்டமேஸ் உண்டு. நியூட்ரோபில் 58%. காசநோய்க் கிருமி இல்லை. வியர்வை குளோரைடு 18 மில்லிமோல். 60 எட்டினால்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, சளி கெட்டியாகும் பரம்பரை நோய். எச்ஐவி இல்லை, இம்யூனோகுளோபுலின்கள் வயதுக்குச் சரி, டெட்டனஸ் எதிரணு போதுமான அளவு.

பதினான்கு நாள் உள்நோயாளியாக வைத்து செஃப்ட்ரியாக்சோன் நரம்பு வழி, 13.5 கிலோவுக்கு நாளைக்கு ஒரு கிராம். காலை, மாலை நெஞ்சுப் பயிற்சி: மடியில் சாய்த்துக் குவித்த கையால் இடது பக்கம் தட்டுதல், பிறகு சோப்பு நுரைக் குமிழி ஊதல், ஓட்டப்பிடித்தம். ஓடிச் சிரிக்கும் பிள்ளை இருமிச் சளியைத் தானே மேலே கொண்டுவந்துவிடும். எட்டாம் நாள் எண் 0. அதன்பின் ஈசிஜி பார்த்து, அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மி.கி., திங்கள், புதன், வெள்ளி, ஆறு மாதம். வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்ததால்தான் இந்த முடிவு. 2013-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் பூர்வகுடிக் குழந்தைகளிடம் வாரம் ஒரு முறை கொடுத்துப் பார்த்ததில் நோய் கிளம்புவது பாதியாகக் குறைந்தது. கூடவே அசித்ரோமைசினுக்கு அடங்காத கிருமிகளும் மூக்கில் பெருகின. விலை இருக்கிறது, அதனால் எல்லாருக்கும் எழுதும் மருந்து இல்லை.

வீட்டில்

அப்பாயி தினமும் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டுவார், கொட்டகை அடுப்பில் நெல் அவிக்கும் நாளில் உமிப்புகை, இரவு கொசுவர்த்தி. மூன்றும் நுண்மயிரைத் தளர்த்துபவை. சாம்பிராணி நின்றது, கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை, நெல் அவிக்கும் நாளில் பிள்ளை மாமா வீட்டில். மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இருக்கிறதா என்று எல்லா வீட்டிலும் கேளுங்கள். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும். தனி நிமோனியாவே வரும். கற்பூரத் தைலம் சிறு பிள்ளைக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது, அதை நெஞ்சிலும் தடவ வேண்டாம்.

இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி ஆண்டுதோறும், பருவமழைக்கு முன். நிமோகாக்கஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பார்த்து உறுதி செய்தோம்.

அடுத்த தை அறுவடை முழுதும் இருமல் எண் 0. வைகாசியில் சளியோடு ஒரு தடவை ஈர இருமல்; மூன்றாம் நாளே ஆமாக்சிசிலின்–கிளாவுலானேட் தொடங்கி, பன்னிரண்டாம் நாள் நின்றது, பதினான்கையும் முடித்தார்கள். நான்கு வாரம் கொடுத்தால் உடனடிக் குணத்தில் இரண்டு வாரத்தைவிடக் கூடுதல் இல்லை என்றாலும், அடுத்த தடவை வரும் இடைவெளி 36 நாளிலிருந்து 150 நாளாக நீளும் என்று 2021-ல் ஓர் ஆய்வு காட்டியதால், அடுத்த முறை திரும்பினால் நான்கு வாரம் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். லேசான விரிவு இந்த வயதில் மீளக்கூடியது என்பதால் சிடி-யை அவசரப்பட்டு மறுபடி எடுக்கவில்லை. கதிர்வீச்சுக் கணக்கையும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடை, நகக்கண், முதுகில் கை.

அந்தக் கை வைக்கும் வேலையை இப்போது அப்பாயிதான் செய்கிறார், தினமும் விடியலில், பிள்ளை பால் குடிக்கும் முன். அதிர்ந்தால் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு. மூன்று கோடு தொடர்ந்து விழுந்தால் ஃபோன்.